பெண்கள் பள்ளியில் விஞ்ஞானமா? முன்ஜென்மமா?

திருவள்ளூர் ஜில்லாவில் கும்மிடிப்பூண்டி என்கின்ற ஊர் இன்று ஒரு பெரிய தொழிற்பேட்டையாக விளங்கி வருகின்றது என்பது நமது வாசகர்கள் அறிந்ததேயாகும். அங்கு பழைய இரும்பை மின்சார உலையில் போட்டு உருக்கிக் கம்பியாக இழுக்கின்றார்கள். ரசாயனப் பொருள்கள் செய்கின்றார்கள். அதற்குத் தெற்கே அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகின்றார்கள். வடக்கே மின்சார ரயிலில் சில ஸ்டேஷன்களைத் தாண்டினால் சூலூர்ப்பேட்டை. அதற்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பி ஆகாயத்தில் ஏறுவதை ஆரம்பாக்கத்து ஜனங்களும், பழவேற்காட்டு ஜனங்களும் வீட்டு மாடியிலும், வயல் வரப்பிலும், படகிலும் நின்று கண்ணாரப் பார்க்கின்றார்கள். ஆகவே விஞ்ஞானமானது இப்படி நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கும் இடம் நம் நாட்டில் அதிகமில்லை என்றே சொல்லலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்திற்குப் போய் வருகின்ற ஒரு பெண்ணுக்கு நாம் கொடுக்கின்ற விஞ்ஞானப் படிப்பு எத்தகையது? அது அவள் தலைக்குள் புகுகின்றதா? அல்லது பரீட்சைக் காகிதத்தோடு தீர்ந்து போகின்றதா? இதைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

இந்தக் கேள்வி இப்பொழுது என்ன அவசரம் என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி சென்னை அசோக் நகர் அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு "ஆன்மீகச் சொற்பொழிவாளர்" அழைக்கப்பட்டு, மாணவிகள் மத்தியில் பேசினார். ஒருவர் கண் தெரியாமல் பிறப்பதும், கை கால் ஊனமாய்ப் பிறப்பதும், ஏழையாய்ப் பிறப்பதும் அவரவர் முன்ஜென்மத்தில் செய்த பாவத்தின் பலன் என்பதாக அவர் உபதேசம் செய்தார். மந்திரத்திற்கு இருக்கும் மகிமைகளையும் எடுத்துச் சொன்னார். அந்தச் சபையில் அதை ஆட்சேபித்து எழுந்து கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர். அவர் அப்பள்ளியின் தமிழாசிரியர், கண் பார்வையில்லாதவர். தம்முடைய பார்வைக் குறைக்குத் தம்மையே குற்றவாளியாக்கி, தம் மாணவிகள் முன்னாலேயே ஒருவன் பேசுகின்றான் என்றால் சுயமரியாதையுள்ள எந்த மனிதன்தான் சும்மாயிருப்பான்?

பிறகு நடந்தது யாவருக்கும் தெரியும். செப்டம்பர் முதல் வாரத்தில் விஷயம் வெளியே வந்து நாடெங்கும் கண்டனம் கிளம்பிற்று. பேசியவர் 7-ந் தேதி கைது செய்யப்பட்டார். பள்ளித் தலைமையாசிரியர் மாற்றப்பட்டார். மந்திரி நேரில் வந்து அந்தத் தமிழாசிரியரைப் பாராட்டினார். இவைகளெல்லாம் நல்லதே. ஆனால் நாம் கேட்பது வேறு. கைது செய்வதும் மாற்றல் செய்வதும் ஒரு மனிதனின் வாயை மூடும். அவர் சொன்னதைக் கேட்டுக் கொண்டிருந்த பெண்களின் மனதில் விழுந்ததை எது எடுக்கும்? அவர்களில் எத்தனையோ பேர் பாரம்பரியத்தைப் பற்றியும், நோய்க்கிருமிகளைப் பற்றியும் பாடப் புத்தகத்தில் படித்து மார்க்கு வாங்கியவர்கள்தாமே? படித்திருந்தும் "ஐயா, இதற்கு ருஜு என்ன?" என்று கேட்கத் தோன்றவில்லையென்றால் குற்றம் அந்தப் பெண்களுடையதல்ல. கேட்கக் கூடாது, தலை குனிந்து உட்கார வேண்டும் என்று தொட்டிலில் இருந்தே பழக்கி வைத்திருக்கின்ற நம்முடைய குற்றமேயாகும்.

நிற்க. விஞ்ஞானம் என்பது என்ன? ராக்கெட்டும், மின்சாரமும், செல்போனும் விஞ்ஞானம் என்று நம்மவர்கள் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். இவைகள் விஞ்ஞானத்தின் பலன்களேயல்லாமல் விஞ்ஞானமல்ல. ஒரு சங்கதியை ஒருவன் சொன்னால் அதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதும், சோதனையில் தவறிப் போனால் யார் சொல்லியிருந்தாலும் அதைத் தள்ளி விடுவதுமே விஞ்ஞானமாகும். இதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஒரு பாடம் கிடக்கின்றது.

2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சந்திரயான்-2 கிளம்புவதற்கு முன் விண்வெளி நிலையத்தின் தலைவர் திருப்பதிக்குப் போய்ச் சுவாமி தரிசனம் செய்தார். அவ்வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி அந்தக் கலம் சந்திரனில் இறங்கும்போது மோதி உடைந்தது. 2023-ம் வருஷம் ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன்னும் விஞ்ஞானிகள் அதன் சிறிய பொம்மையைத் தூக்கிக் கொண்டு அதே திருப்பதிக்குப் போனார்கள். இந்தத் தடவை ஆகஸ்டு 23-ந் தேதி கலம் பத்திரமாய் இறங்கிற்று. இரண்டு தடவையும் மலை ஒன்றே, சாமி ஒன்றே, கும்பிடும் ஒன்றே. பின் மாறியது என்ன? கலத்தின் கால்கள் பலமாக்கப்பட்டன. இறங்குவதற்கு அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இடம் 4 கிலோமீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் என்று அகலமாக்கப்பட்டது. இறங்கும்போது கணக்குப் போடுகின்ற கம்ப்யூட்டரின் உத்தரவுகள் திருத்தப்பட்டன. மாறாமல் இருந்ததை விட்டு விட்டு, மாறியது எதுவோ அதிலே காரணத்தைத் தேடு என்பதுதான் சோதனைச் சாலையின் முதல் பாடம். இந்த ஒரு பாடத்தை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்து விட்டால், "விஞ்ஞானிகளே கோவிலுக்குப் போகின்றார்களே" என்று சொல்லுகின்றவர்களுக்கு அவளே பதில் சொல்லி விடுவாள். நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்லுவோம். இது பெண்கள் பள்ளிக்கூடங்களையே பற்றியதாகும். இந்தியா முழுவதிலும் 75 அரசாங்கப் பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 750 பெண்கள், சென்னையிலுள்ள ஒரு ஸ்தாபனத்தின் உதவியோடு "ஆசாதிசாட்" என்கின்ற ஒரு சிறு செயற்கைக்கோளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தார்கள். மதுரை ஜில்லா திருமங்கலம் அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு பள்ளியின் கருவியும் சுமார் 50 கிராம் எடை. 2022-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து புறப்பட்ட அந்த ராக்கெட் கோளைச் சரியான பாதையில் விடவில்லை, கோள் வீணாயிற்று. பெண்கள் கை பட்டதனால் இப்படி ஆயிற்று என்றோ, நேரம் சரியில்லை என்றோ யாராவது எழுதி வைத்தார்களா? இல்லை. ராக்கெட்டின் இரண்டாம் பாகம் கழன்றபோது உண்டான அதிர்ச்சியில் வேகத்தை அளக்கின்ற கருவிகள் சுமார் 2 வினாடி நேரம் தடுமாறின என்றும், அதனால் கம்ப்யூட்டர் அக்கருவிகள் கெட்டுப் போய்விட்டன என்று தவறாக முடிவு செய்து விட்டது என்றும் கண்டுபிடித்தார்கள். அதைத் திருத்தினார்கள். 2023-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி இரண்டாவது ஆசாதிசாட் சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. பரிகாரம் செய்யவில்லை, பழுது பார்த்தார்கள். பரிகாரத்திற்கும் பழுது பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசமே மூட நம்பிக்கைக்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசமாகும்.

சரி, நம் பெண்கள் எல்லோரும் ராக்கெட் விடப் போகின்றார்களா என்று சில கனவான்கள் பரிகாசமாய்க் கேட்பார்கள். விடுகின்றவர்களும் இருக்கின்றார்கள். சூரியனை ஆராய 2023-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி அனுப்பப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி என்கின்ற அம்மையார் செங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் நாம் அந்த ஒருவரைக் காட்டித் திருப்தியடைவதற்காக இதை எழுதவில்லை. ராக்கெட் பக்கமே போகாத, கல்யாணம் செய்து கொண்டு குடும்பம் நடத்தப் போகின்ற, அல்லது தொழிற்சாலைக்குப் போகப் போகின்ற லட்சக்கணக்கான பெண்களுக்காகவே விஞ்ஞானம் வேண்டும் என்கின்றோம்.

ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண் குழந்தையாகப் பிறந்து விட்டால் பெற்றவளைத் திட்டுகின்றார்கள். மாமியார் திட்டுகின்றாள், புருஷன் திட்டுகின்றான், வேறொருத்தியைக் கட்டிக் கொள்ளுகின்றேன் என்று மிரட்டவும் செய்கின்றான். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் என்ன சொல்லுகின்றது? தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது எப்பொழுதும் எக்ஸ் குரோமோசோமேயாகும். தகப்பனிடமிருந்து எக்ஸ் போனால் பெண், ஒய் போனால் ஆண். ஆகவே பெண் பிறந்ததற்குப் பொறுப்பாளி யாராவது உண்டு என்றால் அது திட்டுகின்ற புருஷனே தவிரத் திட்டு வாங்குகின்ற பெண்சாதியல்ல. இதை 1905-ம் வருஷத்தில், மாவில் உண்டாகும் ஒருவகை வண்டை ஆராய்ந்து எடுத்துக் காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்கின்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் அந்த ஆராய்ச்சியைச் செய்ததும் பிரின் மார் என்கின்ற ஒரு பெண்கள் கலாசாலையிலேதான். ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ப் பெண்கள் தலையில் சுமத்தப்பட்ட பழியை இறக்கி வைத்தது எந்தக் கடவுளுமல்ல. பெண்கள் கலாசாலையின் ஒரு பூதக்கண்ணாடியே என்று சொல்லுவோம். ஆனால் இந்தப் பாடத்தைப் படித்து மார்க்கு வாங்கிய பெண்ணே பத்து வருஷம் கழித்து, "என் தலையெழுத்து" என்று அழுது கொண்டிருப்பாளானால் அந்தப் படிப்பால் ஆன பயன் என்ன?

கிரகணத்தன்று கர்ப்பிணிகளை அறைக்குள் போட்டுப் பூட்டுவதும், மாதவிலக்கான பெண்ணை மூலையில் உட்கார வைப்பதும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைகளே. அவைகளைப் பற்றி நாம் எவ்வளவோ சொல்லலாம். இங்கு அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லுவோம்.

2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்கடியில் போட்டிருந்த ஒரு குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்து, தூங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நடு இரவில் தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அமோனியா தண்ணீரில் மிகச் சுலபமாகக் கரையும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆகவே துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக் கொள்ள வேண்டும். காற்று வாயுவைச் சுமந்து போகின்ற திசையிலேயே ஓடாமல் காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு தெருவில் இது தெரிந்த ஒரு பெண் இருந்தால் அவள் தன் பிள்ளைகளை மாத்திரமல்ல, தெருவையே காப்பாற்றுவாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து எண்ணூர் வரையில் தொழிற்சாலைகளின் நிழலிலேயே குடியிருக்கின்ற ஜனங்களுக்கு ரசாயன பாடம் மார்க்கு சங்கதியல்ல, உயிர்ச் சங்கதியாகும்.

தொழிற்சாலைக்குள் போகின்ற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஜில்லாவில் இருந்தும் மற்ற ஜில்லாக்களில் இருந்தும் வருகின்ற பெண்கள், பிளஸ் டூ முடித்த கையோடு, எலக்ட்ரானிக் சாமான்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகின்றார்கள். சம்பாதிப்பதை நாம் வரவேற்கின்றோம். சொந்தச் சம்பாத்தியமில்லாத பெண்ணுக்கு விடுதலை ஏது? ஆனால் நாள் முழுதும் நின்று கொண்டு திருகாணி முடுக்குகின்ற பெண்ணுக்கு, தான் முடுக்குகின்ற பொருள் எப்படி வேலை செய்கின்றது என்பது தெரிய வேண்டாமா? தெரிந்தவள் நாளைக்குச் சோதனைப் பிரிவுக்குப் போவாள், மேற்பார்வைக்குப் போவாள், மேற்கொண்டு படிப்பாள். தெரியாதவளோ விரல்கள் ஓய்ந்தவுடன் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். தொழிற்சாலையில் ஆண் மூளையாகவும் பெண் விரலாகவும் இருப்பது என்பது, வீட்டில் ஆண் எஜமானாகவும் பெண் அடுப்பாகவும் இருப்பதன் புதிய பதிப்பேயல்லாமல் வேறென்ன?

இயந்திரமும் மின்சாரமும் பெண்களுக்கு ஒத்து வராது என்று இன்னும் சொல்லுகின்றவர்களுக்குச் சென்னைக்காரர்களின் சரித்திரத்தையே காட்டுவோம். லலிதா என்கின்ற பெண்ணுக்குப் பதினைந்தாவது வயதில் கல்யாணம். பதினெட்டாவது வயதில், கையில் நாலு மாதக் குழந்தையோடு விதவையானார். அக்காலத்து வழக்கப்படி அவரை மூலையில் உட்கார வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் 1940-ல் கிண்டி இன்ஜினீயரிங் கலாசாலையில் சேர்த்தார்கள். அவர் மின்சார இன்ஜினீயராகத் தேர்ந்து வெளியே வந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட சான்றிதழில் ஆணைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைதான் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துப் பெண்ணைக் குறிக்கும் வார்த்தையை எழுதிக் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி அங்கு வருவாள் என்று அச்சடித்தவர்கள் நினைக்கவேயில்லை! 1929-ல் இதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டில் பெண் கல்வியையும், ஆரம்பப் பள்ளிகளுக்குப் பெண்களையே ஆசிரியர்களாக நியமிப்பதையும் பற்றித் தீர்மானங்கள் நிறைவேற்றியபோது சிரித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நிற்க. பாடத் திட்டத்தில் விஞ்ஞானம் இல்லையா, செய்முறைப் பரீட்சை இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்திற்குள்ள 100 மார்க்கில் 25 செய்முறைக்குத்தான். 2022-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி திருச்சி காட்டூரில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் பள்ளியில் "வானவில் மன்றம்" என்கின்ற திட்டத்தையும் சர்க்கார் துவக்கி, சுமார் 13,200 பள்ளிக்கூடங்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்ட ஏற்பாடு செய்தார்கள். அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்கள் மேல் படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டமும் 2022-ல் வந்தது. இவைகளை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் திட்டம் என்பது காகிதத்தில் இருந்து பெண்ணின் கைக்கு வந்து சேர வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடங்களையும் நாம் சொல்லவில்லை. ஆனாலும் ஆசிரியர் செய்து காட்ட, முன் வரிசையில் இருவர் பார்க்க, பின் வரிசையார் நோட்டில் எழுதிக் கொள்ளுவதுதான் செய்முறை என்று நடந்து வருகின்ற இடங்கள் உண்டா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டால் தெரிந்து கொள்ளலாம்.

பணமில்லை, சாமான் இல்லை என்று சொல்லுவதையும் நாம் ஒப்புக் கொள்ள முடியாது. கல்யாண வீட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்கி ஆலம் சுற்றுகின்றார்கள். அதில் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டால் மறுபடியும் மஞ்சளாகின்றது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் பழைய நிறத்திற்குத் திரும்பும் என்பது இதனால் விளங்கி விடும். இதைத் தன் கையால் செய்து பார்த்த பெண், மஞ்சள் தடவிய காகிதத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்து "இரத்தம் வருகின்றது, அம்மன் கோபம்" என்று காட்டிப் பணம் பறிக்கின்ற மந்திரவாதியிடம் ஏமாறுவாளா? சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடினை விட்டால் கருநீலமாகின்றது; அது மாவுச் சத்தைக் காட்டுகின்றது. இவைகளுக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு வேளை அர்ச்சனைக்குக் கூடக் காணாது.

ஆகவே நாம் வேண்டுவதாவது: ஒவ்வொரு பெண்கள் பள்ளியிலும் சோதனைச் சாலை பூட்டியிருக்கும் அறையாகவோ, உடைந்த பெஞ்சி போடும் அறையாகவோ இல்லாமல், ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் தொட்டுச் செய்கின்ற இடமாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருமழிசை, காக்களூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைக்காரர்கள் ஆயுத பூஜைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைச் செலவழித்து, பக்கத்துப் பெண்கள் பள்ளி மாணவிகளை வருஷத்திற்கு ஒரு நாளாவது அழைத்து உலையையும், சோதனைக் கூடத்தையும், கழிவு நீரை என்ன செய்கின்றார்கள் என்பதையும் காட்ட வேண்டும். காட்ட வெட்கமாயிருந்தால் அந்த வெட்கத்திற்குக் காரணமானதைத் திருத்தட்டும். பள்ளிக்கூடத்திற்குள் யார் வந்து பேசினாலும், பேசி முடித்த பின் மாணவிகள் கேள்வி கேட்க நேரம் விட்டே ஆக வேண்டும். கேள்விக்குப் பயப்படுகின்றவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும்போது, இதைக் கேட்பது தயவை யாசிப்பதாகாது.

சர்க்காரையும் முதலாளிகளையும் கேட்பதோடு நம் வேலை தீர்ந்து விடாது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசாங்கப் பள்ளியிலும் இருக்கின்றது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மையோர்; பாதிப் பேர் பெண்கள். நமது தோழர்கள் அதில் போய் உட்கார்ந்து, இந்த மாதம் எத்தனை சோதனைகள் நடந்தன, எத்தனை பெண்கள் கையால் செய்தார்கள் என்று கணக்குக் கேட்க வேண்டும். வீட்டில் பெண் "ஏன்?" என்று கேட்டால் "வாயாடி" என்று அடக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். மேடையில் பகுத்தறிவு பேசி விட்டு வீட்டில் மகளின் வாயை மூடுகின்றவர் பகுத்தறிவுவாதியாக மாட்டார். பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை தேடுவதும், பெண்ணுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கஷ்டம் என்று தாங்களே முடிவு செய்து வேறு பாடத்தில் சேர்ப்பதும் ஒழிய வேண்டும்.

அசோக் நகரில் அன்று கண் தெரியாத ஒருவருக்குத் தெரிந்தது, கண்ணுள்ள சபை முழுவதற்கும் தெரியாமற் போயிற்று. இனி ஒரு காலத்தில், திருவள்ளூர் ஜில்லாவிலோ வேறெங்கோ ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் வந்து முன்ஜென்மம் பேசுவானானால், அவனை மடக்க ஆசிரியர் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே எழுந்து, "ஐயா, எப்படித் தெரியும்? சோதித்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு பெண்ணை உண்டாக்குவதே பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பதன் அர்த்தம் என்று நாம் முடிவாகச் சொல்லுகின்றோம்.